மண்ணாய்ப் போன மெக்னீசியம்

அத்தியாயம் 4

அக்காவைக் கைது செய்ய வந்த இன்ஸ்பெக்டர், அக்கா போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். காபி நன்றாக இருந்ததால் கைது கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. இன்னொரு கப் ஊற்றினால் மாலை வரை இழுத்துவிடலாம் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆனால் பால் தீர்ந்துவிட்டது. எங்கள் குடும்பத்துக்கு அதிர்ஷ்டம் எப்போதும் அரை லிட்டர் பாக்கெட்டில்தான் வரும்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது ஒரு தாவர ஆராய்ச்சி நிலையத்தின் சாப்பாட்டு அறை. இரண்டு மேசை, ஒரு சிங்க், 'இதில் சாப்பாடு மட்டும் வைக்கவும்' என்று எழுதி ஒட்டிய ஃப்ரிட்ஜ். வேறு என்னவெல்லாம் வைத்திருந்தால் இப்படி எழுதி ஒட்ட வேண்டிவந்திருக்கும் என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

அக்கா இங்கே லேப் டெக்னீஷியன். செடிக்கு மெக்னீசியம் கொடுத்தால் அது வேரிலிருந்து எந்த வழியாக எந்த இலைக்குப் போகிறது என்று பார்ப்பது இவர்கள் லேபின் வேலை. சாதாரண மெக்னீசியம் போகிற வழி யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால் கதிரியக்க மெக்னீசியத்தை வரவழைத்துக் கொடுப்பார்கள். மெக்னீசியம்-28 என்று பெயர். அது செடிக்குள் எங்கே போனாலும் தான் இருக்கும் இடத்தைத் தானே கதிர்வீச்சால் காட்டிக் கொடுத்துக்கொண்டு போகும். என்னைப் போலவே வாய் அடங்காத பிறவி.

அந்தக் கரைசல் இருந்த சின்னக் கண்ணாடி பாட்டிலைக் காணவில்லை என்று அன்று காலை பேராசிரியர் சொன்னார். இயக்குநர் போலீசைக் கூப்பிட்டார். எல்லோருடைய லாக்கரையும் திறந்து பார்த்தார்கள். அக்காவின் லாக்கரில், மடித்து வைத்த வெள்ளைக் கோட்டுக்கு அடியில் பாட்டில் இருந்தது. அதன் லேபிளில் இருந்தது அக்காவின் கையெழுத்து. கதிர்வீச்சு அளக்கும் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனதும் அது டிக்டிக்டிக்கென்று ஊரைக் கூட்டிவிட்டது. அந்தக் கருவிக்கு என்னவோ நீளமான பெயர் சொன்னார்கள். நான் டிக்டிக் பெட்டி என்று வைத்துக்கொண்டேன்.

கதிரியக்கப் பொருளைத் திருடியவள் என்று ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால் அதன் பிறகு எந்த லேபும் அவளை வாசல்படி ஏற விடாது. ஜெயில் தனிக் கணக்கு. எனக்குப் பயமாக இருந்தது. வாய்விட்டுச் சொல்லவே வெட்கமாக இருக்கிற அளவுக்குப் பயம். இதற்கு நடுவில் என் சட்டைப் பையில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அம்மா. அக்கா வேலை செய்யும் இடத்தில் போலீஸ் ஜீப் நிற்கிறது என்று யாரோ புண்ணியவான் அம்மாவுக்குச் செய்தி வாசித்துவிட்டார். எடுக்கக் கூடாது என்று அக்கா கண்ணாலேயே சொன்னாள்.

மேடம் வந்து சேர்ந்தார்.

மேடம்தான் என் முதலாளி. துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். செத்ததாகச் சொல்லப்படுகிறவர் உண்மையிலேயே செத்தாரா என்று நேரில் போய்ப் பார்த்து வருவது அங்கே அவர் வேலை. என் பெயர் அவருக்கு மறந்து பல காலமாகிறது. 'வாய்' என்றுதான் கூப்பிடுவார். 'வாயை மூடு' என்பதன் செல்லச் சுருக்கம்.

அக்காவைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், காலி காபி கப்பைப் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரிடம் ஒரு மணி நேரம் கேட்டார். சட்டப்படி அப்படியெல்லாம் கொடுக்க முடியாது என்று ஆரம்பித்த இன்ஸ்பெக்டர், அந்த பாட்டிலை ஜீப்பில் யார் மடியில் வைத்துக்கொண்டு போவது என்று மேடம் விசாரித்ததும் தாராளமாக ஒரு மணி நேரம் கொடுத்தார்.

முதலில் இயக்குநர்.

அவர் அறையில் எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. முகத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு முகமூடி, கையில் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை. பாட்டில் இரண்டு மாடி கீழே பூட்டிய அறையில் இருந்தது. மனுஷன் இதற்கு முன் பிஸ்கட் கம்பெனி நடத்தியவராம். நிர்வாகத் திறமைக்காக இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். கதிரியக்கம் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை அவர் மூன்று தடவை சொன்னார். அது பத்தாயிரம் வருஷம் அப்படியே இருக்குமாம்.

அக்காவைப் பற்றிக் கேட்டதும் முகமூடிக்கு மேலேயே கடுகடுப்பு தெரிந்தது. போன மாதம் விருந்தாளிகளோடு இவர் டீ கப்பும் கையுமாக லேபுக்குள் நுழையப் பார்த்திருக்கிறார். அக்கா வாசலிலேயே நிறுத்தி, கப்பை வாங்கி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டாளாம். இயக்குநரை ஒரு டெக்னீஷியன் நிறுத்துவதா என்று இன்னும் அவருக்கு ஆறவில்லை. டீ ஆறிப் போயிருக்கும் என்று நான் சொன்னேன். மேடம் என் காலை மிதித்தார்.

பாட்டிலைக் காணோம் என்று தெரிந்ததும் இயக்குநர் அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறார். ஸ்பீக்கரில். அதில் அக்கா சொன்ன பதில்தான் அவருடைய பிரம்மாஸ்திரம்.

"அந்த மெக்னீசியம் பாட்டில் எங்கேம்மான்னு கேட்டேன். என்ன சொன்னா தெரியுமா? 'அதுவா சார்? அது மண்ணாப் போச்சு'ங்கிறா. செய்யறதையும் செஞ்சுட்டு, நாசமாப் போச்சுன்னு என்கிட்டயே சொல்ற திமிரைப் பாருங்க."

அக்கா அப்படிச் சொல்லியிருந்தால் அது ஒப்புதல் வாக்குமூலத்துக்குப் பக்கத்து வீடு.

அப்போது கூட யார் இருந்தது என்று மேடம் கேட்டார். பேராசிரியர் பக்கத்தில்தான் நின்றாராம். பாவம், அந்த வார்த்தையைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். லாக்கர்களுக்கு மாற்றுச் சாவி உண்டா என்று மேடம் அடுத்து கேட்டார். எல்லா லாக்கரையும் அலமாரியையும் திறக்கும் சாவிக்கொத்து இதோ இந்த டிராயரில் இருக்கிறது என்று இயக்குநர் பெருமையாகத் தட்டிக் காட்டினார். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் ஜன்னலைப் பார்த்தார்.

அடுத்தது பேராசிரியர். லேப் வாசலிலேயே எங்களுக்காகக் காத்திருந்தார். கையில் மெல்லிய நீலக் கையுறை, முகத்தில் கனமான சோகம், மூக்கில் வழுக்கி வழுக்கி இறங்கும் மூக்குக்கண்ணாடி. ஒரு வாக்கியத்துக்கு ஒரு தடவை விரலால் அதை மேலே தள்ளினார். அது அடுத்த வாக்கியத்துக்குள் இறங்கிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே மூக்கு அரித்தது.

அந்த லேபில் வேலை செய்வது அவரும் அக்காவும் மட்டும்தான். அக்கா அவருக்கு மகள் மாதிரியாம். கண்ணாடியைத் தள்ளினார். இப்படிச் செய்வாள் என்று கனவிலும் நினைக்கவில்லையாம். மறுபடி தள்ளினார். ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று மேடம் கேட்டதும் சோகம் சட்டென்று விடுமுறை எடுத்துக்கொண்டது. போன மாதம் பணம் கொடுக்கும் விருந்தாளிகள் வந்தபோது இவர் பேசிய பேச்சுக்கு எழுந்து நின்று கைதட்டினார்களாம். ஒரு துளி மெக்னீசியம் வேரிலிருந்து இலை நுனி வரை போக இரண்டு வாரம் ஆகிறது, அந்த இரண்டு வாரமும் கருவியோடு அதன் பின்னாலேயே போய் அளந்தேன் என்றார். அவருடைய மெக்னீசியம் நடந்துதான் போயிருக்கும், பஸ் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் அக்கா வராந்தாவில் வந்தாள். ஒரு பெண் கான்ஸ்டபிள் கூடவே வர, கழுவிய கப்பை எடுத்துக்கொண்டு போகிறாள். பேராசிரியர் விரல் மூக்குக்குப் போனதைப் பார்த்ததும் நின்றாள்.

"சார், கையுறையோட மூக்குல கை வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது."

இன்னும் சற்று நேரத்தில் கைதாகப் போகிறவள் அடுத்தவர் மூக்கைப் பற்றிக் கவலைப்படுகிறாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மூளை இப்படித்தான் வேலை செய்யும். பேராசிரியர் நெகிழ்ந்து போய், பாருங்கள், இப்போதும் என்மேல் எவ்வளவு அக்கறை என்றார். மேடம் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை. யாரோ ஒருவருடைய இன்சூரன்ஸ் பணம் நின்றுபோகும்போது சிரிக்கிற சிரிப்பு.

திரும்பவும் சாப்பாட்டு அறை. மேடம் அக்காவை எதிரில் உட்கார வைத்தார்.

"அந்த மெக்னீசியம் எவ்வளவு நாள் உயிரோட இருக்கும்?"

கேள்வியைக் கேட்டதும் அக்காவுக்கு உயிர் வந்தது. வேலையைப் பற்றி யாராவது கேட்டால் அவளுக்கு ஜெயிலே மறந்துவிடும். இருபத்தோரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அது பாதியாகிவிடும் என்றாள். அடுத்த இருபத்தோரு மணி நேரத்தில் அந்தப் பாதியில் பாதி. அப்புறம் அதிலும் பாதி. இதற்கு அரை ஆயுள் என்று பெயர். அரை ஆயுள் என்றதும் மூலையில் இருந்த இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். அவர் சர்வீஸில் முழு ஆயுள் வாங்கிக் கொடுத்துத்தான் பழக்கம். கைதிக்கு இல்லை, மெக்னீசியத்துக்குத்தான் என்று நான் விளக்கியதும் மறுபடி சாய்ந்துகொண்டார்.

"அப்ப ரெண்டு வாரம் கழிச்சு?"

"ஒண்ணுமே இருக்காது மேடம். இந்தக் கருவிக்குக் கேட்கிற மாதிரி ஒண்ணும் மிஞ்சாது. இந்த பாட்டில் வந்தே ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. வேலை முடிஞ்சதும் மிச்சத்தை நான்தான் கழிவு அலமாரியில வச்சேன். சீக்கிரம் அடங்குற சரக்கெல்லாம் அடங்குற வரைக்கும் அங்கதான் இருக்கும். அதுக்குப் பூட்டு கிடையாது."

"அடங்கி என்னாகும்?"

அக்கா மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். மெக்னீசியம் முதலில் அலுமினியமாக மாறும். அந்த அலுமினியத்துக்கு ஆயுசு இன்னும் கம்மி, ஒரு கப் டீ ஆறுவதற்குள் அதுவும் மாறிவிடும். மாறி சிலிக்கானாக நிற்கும். அதற்குமேல் மாறாது, கதிர்வீச்சும் கிடையாது. சிலிக்கான் என்றால் மணலில் இருக்கிற அதே சரக்கு.

"அதனாலதான் எங்க லேப்ல, ஒரு பாட்டில் அடங்கிடுச்சுன்னா 'மண்ணாப் போச்சு'ம்போம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே புரொபசர் சார் சொல்லிக் கொடுத்த ஜோக் அது. காலைல டைரக்டர் சார் கேட்டப்ப பழக்கதோஷத்துல அப்படியே வாயில வந்துடுச்சு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். உலகத்தில் எல்லோரும் குடும்பம் நாசமானால் சொல்கிற வார்த்தையை இந்த இரண்டு பேர் மட்டும் வேலை ஒழுங்காக முடிந்ததற்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பாட்டில் அடங்கியிருக்க வேண்டும், அது சத்தம் போட வாய்ப்பே இல்லை என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னாயா என்று மேடம் கேட்டார். சொன்னாளாம். மாட்டிக்கொள்கிற எல்லோருமே வாய்ப்பில்லை என்றுதான் சொல்வார்கள் என்று இன்ஸ்பெக்டர் தம் அனுபவத்திலிருந்து பதில் சொன்னாராம். மூலையில் இன்ஸ்பெக்டர் ஆமோதித்துத் தலையாட்டினார்.

"சரி, இந்த லேப்ல அடங்காத சரக்கு ஏதாவது இருக்கா?"

இருந்தது. டிக்டிக் பெட்டி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோடியம் கரைசல் வைத்திருக்கிறார்கள். அது வருஷக்கணக்கில் கத்தும். பேராசிரியர் அறை அலமாரியில் பூட்டியிருக்கும். ஒரு சாவி அவரிடம், இன்னொன்று இயக்குநர் டிராயரில் இருக்கிற கொத்தில்.

மேடம் கடைசியாக ஒன்று கேட்டார். போன மாதம் அந்த விருந்தாளிகள் வந்தபோது என்ன நடந்தது? அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பேச்சு முடிந்து எல்லோரும் டீ குடிக்கும்போது இவள் போய், சார், இரண்டு வாரம் வரைக்கும் அளந்ததாகச் சொன்னீர்களே, அதற்கு ரொம்ப முன்னாலேயே அது மண்ணாகப் போயிருக்குமே என்று கேட்டிருக்கிறாள். கிண்டலுக்கு இல்லை, சந்தேகத்துக்கு. சத்தமாக. விருந்தாளிகளில் ஒருவர் சிரித்துவிட்டாராம்.

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. என் தலைக்குள் ஏற்கெனவே மணி அடித்துவிட்டது. மாற்றுச் சாவி யாரிடம்? இயக்குநரிடம். அக்காமேல் கோபம் யாருக்கு? இயக்குநருக்கு. பத்தாயிரம் வருஷம் கத்தும் என்று நம்புகிற மேதை யார்? சொல்லவே வேண்டாம். மேடத்திடம் சொன்னேன். அவர் டிக்டிக் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்து, இதை வைத்துக்கொண்டு பேசாமல் என் பின்னால் வா என்றார். முதல் பாதிக்கு மட்டும் கீழ்ப்படிந்தேன்.

ஒரு மணி நேரம் முடிகிற சமயத்தில் எல்லோரும் கூட்ட அறையில் சேர்ந்தோம். நீள மேசையின் ஒரு முனையில் இன்ஸ்பெக்டர், அவர் பக்கத்தில் அக்கா. நடுவில் பேராசிரியர். இயக்குநர் உட்கார மறுத்துக் கதவருகில் நின்றார், ஒரு கால் வெளியே. பாட்டில் அந்த அறையில் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தும் பிரயோஜனமில்லை.

மேடம் நாற்காலியை இழுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது குற்றவாளியை விரல் நீட்டிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. செத்துப்போன மெக்னீசியம் சத்தம் போட்ட கதையைச் சொன்னேன். அரை ஆயுளைச் சொன்னேன், கிட்டத்தட்ட சரியாகவே சொன்னேன். இந்தச் சரக்கு இரண்டே வாரத்தில் அடங்கிவிடும் என்று தெரியாத ஒரு முட்டாள்தான் சத்தம் போடுகிற பாட்டிலை வைத்து மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று முடித்து, கதவுப் பக்கம் விரலை நீட்டினேன்.

இயக்குநரின் வெளிக்காலும் உள்ளே வந்துவிட்டது. நான் அந்த பாட்டிலை கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்று முகமூடிக்குள்ளிருந்து கதறினார்.

"அவர் சொல்றது உண்மை" என்றார் மேடம். "உட்காரு, வாய்."

விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தேன்.

மேடம் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "விஷயம் தெரியாதவன் என்ன செய்வான்? கழிவு அலமாரியிலேர்ந்து அந்தப் பழைய பாட்டிலை எடுத்து அப்படியே லாக்கர்ல வச்சிருப்பான். பத்தாயிரம் வருஷம் கத்தும்னு நம்புறவனுக்கு அதுல வேற எதையும் ஊத்தணும்னு ஏன் தோணப்போகுது? அது செத்துப் போச்சு, போலீஸ் வந்தா கத்தாதுன்னு தெரிஞ்சவன்தான் கத்துறதுக்கு வேற சரக்கு ஊத்துவான்."

இன்ஸ்பெக்டருக்கு நெற்றி சுருங்கியது. மேடம் அவருக்காகத் தம் பழைய தொழிலுக்குப் போனார்.

"செத்தவர் பேர்ல மாசாமாசம் கையெழுத்துப் போட்டு பென்ஷன் வருதுன்னு வைங்க. யாரைப் பிடிப்பீங்க?"

"அவர் கையெழுத்தைப் போடத் தெரிஞ்சவனை" என்றார் இன்ஸ்பெக்டர். இது அவருக்குப் புரிந்த பாஷை.

"இங்க அந்தக் கையெழுத்துப் போட, அதாவது செத்த மெக்னீசியத்தைக் கத்த வைக்கத் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தி இந்தப் பொண்ணு. தானே சரக்கு ஊத்தி, தன் லாக்கர்லயே வச்சு, தன் பேரையும் ஒட்டி, உங்களுக்குக் காபியும் போட்டுக் கொடுத்துட்டு உட்கார்ந்திருக்க மாட்டா."

எல்லோர் தலையும் மெதுவாக மேசையின் நடுப்பக்கம் திரும்பியது. பேராசிரியர் புன்னகை செய்தார். கண்ணாடியைத் தள்ளினார். யூகத்துக்கெல்லாம் தான் பதில் சொல்வதில்லை என்றார். அலமாரிச் சாவியும் லாக்கர் சாவியும் இயக்குநரிடமும் இருக்கின்றன என்று ஞாபகப்படுத்தினார்.

அதற்கு இயக்குநரே பதில் சொன்னார். கொத்தை நேற்று சாயங்காலம் நீங்கள்தானே வாங்கிக்கொண்டு போனீர்கள், உங்கள் லாக்கர் சாவியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி, என்றார். சொன்ன பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. பிஸ்கட் கம்பெனியிலும் ஒரு நல்ல பிஸ்கட் விழத்தான் செய்கிறது.

லாக்கரைத் திறக்கச் சாவி வாங்கினேன், என் லாக்கரைத் திறந்தேன், திருப்பிக் கொடுத்தேன், இதில் என்ன குற்றம் என்றார் பேராசிரியர். விரல் மறுபடி மூக்குக்குப் போனது.

"வாய்," என்றார் மேடம், "அந்தப் பெட்டியை ஆன் பண்ணி சார் பக்கத்துல கொண்டு போ. கைக்கு வேண்டாம். மூக்குக்கு."

எழுந்து போனேன். நடக்கும்போது பெட்டி எப்போதோ ஒரு தடவை டிக் என்றது, அது எல்லா இடத்திலும் அப்படித்தான் சொல்லுமாம். பேராசிரியரின் தோளுக்குப் பக்கத்தில் இரண்டு டிக் சேர்ந்து வந்தது. மூக்குக்கண்ணாடியின் நடுப்பாலத்துக்கு நேராக நீட்டியதும் டிக்டிக்டிக்டிக்கென்று என் கையிலேயே அதிர ஆரம்பித்தது. மூக்கும் முழியுமான ஆள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மூக்கும் முழியுமாக மாட்டிக்கொண்டவரை அன்றுதான் பார்த்தேன்.

நேற்று அந்தச் சரக்கை ஊற்றும்போதும் கண்ணாடி வழுக்கியிருக்கும், கையுறையோடு அதைத் தள்ளியிருப்பார் என்று மேடம் சொன்னார். ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிற காரியம் செய்கிறவனுக்கே தெரியாது. பக்கத்தில் நின்று திட்டுகிறவளுக்குத்தான் தெரியும்.

பேராசிரியர் வாய்விட்டே சிரித்தார். நல்ல சிரிப்புதான், விருந்தாளிகளுக்கென்று வைத்திருப்பது.

"நான் மெக்னீசியத்துல வேலை பார்க்கிறவன். என் கண்ணாடியில மெக்னீசியம் ஒட்டாம உங்க கண்ணாடியிலயா ஒட்டும்? இது ஒரு சாட்சியா?"

"கடைசியா எப்ப சார் மெக்னீசியத்தைத் தொட்டீங்க?"

"இந்த பாட்டில் வந்தப்பதான். அதுக்கப்புறம் வேற வரலை."

இதற்கு அக்காதான் பதில் சொன்னாள். கோபமாக இல்லை, லேபில் ஏதாவது தவறாக அளந்துவிட்டால் எடுத்துச் சொல்வாளே, அந்தக் குரலில்.

"அப்படின்னா அது மண்ணாப் போயிருக்கணுமே சார்."

கண்ணாடி மூக்கில் வழுக்கி இறங்கியது. பேராசிரியரின் விரல் பாதி வழி வந்து நின்றுவிட்டது. அவரே சொல்லிக் கொடுத்த வார்த்தை. அதன் அர்த்தம் தெரிந்தவர் காலையில் ஸ்பீக்கர் போனுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அந்த அர்த்தத்தை விழுங்கிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

அப்படியானால் கருவி சரிபார்க்கிற சோடியமாக இருக்கலாம் என்று இழுத்தார். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம் என்றார் மேடம். பாட்டிலையும் உங்கள் கண்ணாடியையும் வேறு லேபுக்கு அனுப்பலாம். இரண்டிலும் ஒரே சோடியம் இருந்தால் அது பாட்டிலுக்குள் எப்படிப் போனது என்று நீங்கள் சொல்லுங்கள். இரண்டும் மெக்னீசியம் என்றால் நாளைக்கு இதே நேரத்துக்குச் சத்தம் பாதிக்கும் கீழே வந்திருக்க வேண்டும், நாங்கள் உட்கார்ந்து கேட்கிறோம். எந்த வழி சார் உங்களுக்கு வசதி? பேராசிரியர் இரண்டு வழியையும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முகத்தில் மூக்கு மட்டும் தனியாக நின்றது. அது ஏற்கெனவே அறுபட்டிருந்தது.

"எல்லார் முன்னாடியும் கேட்டா" என்றார், யாரையும் பார்க்காமல். "டீ குடிச்சுட்டு இருக்கும்போது. அவங்க சிரிச்சாங்க."

இந்த மனுஷனுக்குச் செத்த மெக்னீசியத்தை எழுப்புவது பழக்கமாகிவிட்டது இன்ஸ்பெக்டர் என்றார் மேடம். போன மாதம் கைதட்டுக்காக எழுப்பினார், நேற்று பழிவாங்க எழுப்பியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் எழுந்து பெல்ட்டை இழுத்து விட்டுக்கொண்டார். தனக்கு ஆரம்பத்திலிருந்தே இவர்மேல் ஒரு கண் இருந்தது என்றும் சொன்னார். அந்தக் கண் இவ்வளவு நேரம் மூலையில் மூடியிருந்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. மேடம் காலைத் தயாராக வைத்திருந்தார்.

இயக்குநர் அக்காவிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். நான்கு அடி தள்ளி நின்று கேட்டார். அக்கா அந்த ரப்பர் கையுறையைப் பார்த்தாள்.

"சார், அது பாத்திரம் கழுவுறது. போனதும் சாப்பாட்டு ரூம் சிங்க் பக்கத்துலயே மாட்டிடுங்க."

எல்லோரும் போனதும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இவ்வளவு நேரமும் கப் கழுவியும் அடுத்தவர் மூக்கைத் திட்டியும் அந்த அழுகையை மறைத்து வைத்திருக்கிறாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கிண்டலாக ஒன்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. இதற்கு உன் வாய் அடைக்கும் என்று தெரிந்திருந்தால் காலையிலேயே உன் அக்காவைக் கைது செய்யச் சொல்லியிருப்பேன் என்றார் மேடம். சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சட்டைப் பையில் போன் மறுபடி அதிர்ந்தது. அம்மா. இந்தத் தடவை அக்காவே என் பையிலிருந்து பிடுங்கி எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் காதில் வைத்தாள். போலீஸ் வந்ததாமே, என்னடி ஆச்சு அந்த விஷயம், ஏதாவது வாயைத் திறந்து சொல்லேன்டி என்று அம்மா கத்துவது எனக்கே கேட்டது. அக்காவுக்கு அன்றைக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வழக்கு இல்லை, ஜெயில் இல்லை, வேலை போகவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற சந்தோஷத்தில், பழக்கதோஷத்தில், அவள் வாயில் அதுதான் வந்தது.

"மண்ணாப் போச்சும்மா."

மறுமுனையில் அம்மா ஓவென்று அழ ஆரம்பித்தாள். குடி முழுகிப் போச்சே, என் பொண்ணைக் கொண்டு போயிட்டாங்களே என்று அந்த வீடு, பக்கத்து வீடு, மாடி வீடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒப்பாரி. அக்கா போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன தப்பாகச் சொன்னோம் என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை.

நான் போனை வாங்கினேன்.

"அம்மா, அழாத. இது நல்ல மண்ணும்மா."